எண்ணாகமம் ஏழில் நின்றுபோன நோட்டு

கேள்வி: எனக்கு 41 வயது. ஊர் தூத்துக்குடி பக்கம். 2021 மே மாதம் அம்மா கொரோனாவில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தார். அம்மா பிழைத்து வந்தால் முழு வேதாகமத்தையும் என் கையால் எழுதி முடிப்பதாகக் கர்த்தரிடம் பொருத்தனை செய்தேன். அம்மா பிழைத்துவிட்டார். ஜூன் மாதமே எழுத ஆரம்பித்தேன். ஆதியாகமம், யாத்திராகமம், லேவியராகமம் மூன்றும் முடித்தேன். ஓர் எழுத்து பிழையானாலும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டுத் திரும்ப எழுதுவேன், அவ்வளவு பயபக்தி. எண்ணாகமம் 7-ஆம் அதிகாரத்தில் நின்றுபோனது. அதற்கப்புறம் நோட்டைத் தொடவில்லை. பீரோவில் புடவைகளுக்கு அடியில் கிடக்கிறது. இது மட்டுமில்லை. தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. தமிழ், இரண்டு பேப்பர் பாக்கி. ஆரி வேலை வகுப்பு பாதியில் விட்டேன். மாடித்தோட்டம் காய்ந்துவிட்டது. "உனக்கு ஆரம்ப சூரத்தனம் மட்டும்தான்" என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். போன மாதம் ஆராதனையில் கலப்பையில் கை வைத்துப் பின்னிட்டுப் பார்க்கிறவனைப் பற்றிப் பிரசங்கம். எனக்கென்றே சொன்ன மாதிரி இருந்தது. பொருத்தனையை முடிக்காததால் அம்மாவுக்கு மறுபடி ஏதாவது வந்துவிடுமோ என்று பயப்படுகிறேன். அம்மாவுக்கு இந்தப் பொருத்தனை பற்றி ஒன்றும் தெரியாது. நான் எதையுமே முடிக்கத் தெரியாதவளா?

– ஒரு சகோதரி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

எண்ணாகமம் 7 என்று படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கோபித்துக்கொள்ளாதீர்கள். வேதாகமத்தைக் கையால் எழுதுகிற ஒருவர் நின்றுபோவதற்கு அதைவிடத் தோதான இடம் கிடையாது. மொத்தம் 89 வசனம். மோசேயின் ஐந்து ஆகமங்களில் அதுதான் நீளமான அதிகாரம். பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்கள் பன்னிரண்டு நாள், நாளுக்கு ஒருவராகக் காணிக்கை கொண்டுவருகிறார்கள். நகசோன் முதல் அகீரா வரை பன்னிரண்டு பேரும் கொண்டுவருவது அதே காணிக்கைதான். 130 சேக்கலில் வெள்ளித்தாலம், 70 சேக்கலில் வெள்ளிக்கலம், 10 சேக்கலில் பொன் தூபகரண்டி, அப்புறம் காளை, கடா, ஆட்டுக்குட்டி. நம் ஊர் அலுவலகமாக இருந்தால் முதல் ஆளுக்கு எழுதிவிட்டு, மீதிப் பதினொரு பேருக்கும் "மேற்படி" என்று போட்டு முடித்திருப்பார்கள். எண்ணாகமம் அப்படிச் செய்யவில்லை. கடைசி நாள் வந்தவருக்கும் முதல் நாள் வந்தவருக்குக் கொடுத்த அதே இடத்தை முழுசாகக் கொடுக்கிறது. வாசிக்கும்போது ஓட்டிவிடலாம், எழுதும்போது முடியாது. ஆறாவது ஏழாவது பிரபு வரும்போது கை கேட்கும்: "இதைத்தானே இவ்வளவு நேரம் எழுதினோம்?" அந்த இடத்தில் பேனாவை மூடி வைத்ததை வைத்து உங்கள் குணத்துக்கு ஒரு தீர்ப்பு எழுத நான் தயாரில்லை.

சரி, முதலில் பயத்தைப் பேசிவிடுவோம். அது இருக்கிற வரைக்கும் நான் சொல்லும் யோசனை எதுவும் உள்ளே இறங்காது.

நான் மனநல ஆலோசகர், போதகர் இல்லை. பொருத்தனை விளையாட்டுக் காரியம் என்று சொல்லவும் மாட்டேன். பொருத்தனை செய்து செலுத்தாமற்போவதைவிடச் செய்யாமலிருப்பதே நலம் என்று பிரசங்கி ஐந்தாம் அதிகாரம் பச்சையாகச் சொல்கிறது, உங்களுக்கும் அது தெரிந்திருக்கும். ஆனால் உங்கள் கையாலேயே எழுதி முடித்த இன்னொரு பகுதியை எடுத்துப் பாருங்கள். லேவியராகமத்தின் கடைசி அதிகாரம், 27. அந்த அதிகாரமே பொருத்தனைக் கணக்குதான். 20 வயதிலிருந்து 60 வயதுவரை உள்ள ஆணுக்கு 50 சேக்கல், பெண்ணுக்கு 30 சேக்கல் என்று வரிசையாக மதிப்புப் போட்டு வருகிறது. எட்டாம் வசனத்தில் ஒரு மனிதர் வருகிறார். பொருத்தனை செய்துவிட்டார், அந்த மதிப்பைச் செலுத்த அவரிடம் வசதியில்லை. அவரை என்ன செய்தார்கள்? திட்டி அனுப்பவில்லை. "போகட்டும் விடு" என்றும் சொல்லவில்லை. ஆசாரியனுக்கு முன்னால் நிறுத்தி, "திராணிக்கேற்றபடி" மறுபடி மதிப்புப் போட்டார்கள். பொருத்தனை நின்றது, அளவு மாறியது. வேதத்துக்குள்ளேயே இப்படி ஒரு ஏற்பாடு இருக்கும்போது, முடிக்காவிட்டால் அம்மாவுக்கு ஏதோ வரும் என்ற கணக்கை நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்? இந்த ஒரு அதிகாரத்தை எடுத்துக்கொண்டு உங்கள் போதகரிடம் போய் உட்காருங்கள். "இப்படிப் பொருத்தனை செய்தேன், இவ்வளவு முடித்தேன், இனி என் திராணிக்கு எவ்வளவு?" என்று கேளுங்கள். அவருக்கு இது புதிதாக இருக்காது.

கலப்பை வசனத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். லூக்கா 9-இல் அது, "உம்மைப் பின்பற்றுவேன், முன்பு என் வீட்டாரிடம் சொல்லிக்கொண்டு வருகிறேன்" என்று கிளம்பாமலே சாக்குச் சொன்ன ஒருவனுக்குச் சொன்னது. பாதி வயலை உழுதுவிட்டுக் களைத்து நின்றவளுக்கு அதை அப்படியே பொருத்தாதீர்கள்.

இப்போது பீரோ. அந்தக் கதவைத் திறக்கும்போது என்ன நடக்கிறது என்று கவனித்திருக்கிறீர்களா? புடவைக்கு அடியில் நோட்டின் ஓரம் தெரியும். நெஞ்சில் ஒரு இறுக்கம். சட்டென்று புடவையை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்துவீர்கள். சாத்தியதும் ஒரு நிம்மதி. அந்த நிம்மதிதான் வில்லன். நோட்டைத் தொடாமல் இருந்தால் நிம்மதி கிடைக்கும் என்று மனசு ஒவ்வொரு முறையும் கற்றுக்கொள்கிறது. அடுத்த முறை கை இன்னும் சீக்கிரம் விலகும். சோம்பேறித்தனம் வேறு, இது வேறு. சோம்பேறிக்கு நோட்டைப் பார்த்தால் ஒன்றும் தோன்றாது. அம்மா ஆக்சிஜனில் இருந்தபோது எழுந்த பயம் உங்களை எழுத உட்கார வைத்தது, அதில் சந்தேகமில்லை. அதே பயத்தை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் எழுத முடியாது. ஒவ்வொரு வரியும் கடன் தவணை ஆகிவிடும், தவணை தவறிய வீட்டில் அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்காது.

அதற்கு மேல் ஒன்று. பக்திக்குச் சாட்சியாக நீங்கள் எழுதிய ஒரு வரியை நான் வேறு விதமாகப் படித்தேன். பிழையானால் தாளைக் கிழித்துவிடுவீர்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் நோட்டு நின்றதற்குப் பாதிக் காரணம் அதுதான் என்பது என் கணிப்பு. ஒரே வரி பன்னிரண்டு முறை வரும் அதிகாரத்தில் கண் வரி தாவாமல் இருக்கவே இருக்காது. ஒரு தாளை இரண்டு மூன்று தடவை கிழித்திருப்பீர்கள். அப்புறம் யாருக்குத்தான் உட்கார மனசு வரும்?

கையால் எழுதுவதையே தொழிலாகச் செய்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? யூதர்களின் ஜெப ஆலயத்தில் வாசிக்கும் தோரா சுருள் இன்றைக்கும் தோலில் கையால்தான் எழுதப்படுகிறது. நீங்கள் ஆரம்பித்த அதே ஐந்து ஆகமங்கள். 3,04,805 எழுத்துகள். ஓர் எழுத்து குறைந்தாலும் அந்தச் சுருளை வைத்து வாசிக்கக்கூடாது. அவ்வளவு கண்டிப்பு உள்ளவர்களே பிழை வந்தால் தாளை உடனே தூக்கிப் போடுவதில்லை. மையைச் சுரண்டிவிட்டு, அந்த இடத்தில் திருத்தி எழுதுகிறார்கள். தேவனுடைய நாமத்தில் பிழை வந்தால் மட்டும்தான் அதை அழிக்கக்கூடாது, அந்தத் தோலை எடுத்து மரியாதையாக அடக்கம் செய்ய ஒதுக்கிவிடுவார்கள். பயிற்சி பெற்ற ஒருவர், இதையே முழுநேர வேலையாகச் செய்தால், ஐந்து ஆகமங்களுக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். நீங்கள் வீட்டு வேலைக்கு நடுவில் 66 புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, அவர்களைவிடக் கண்டிப்பான ஒரு சட்டத்தையும் உங்களுக்கு நீங்களே போட்டுக்கொண்டீர்கள். இன்றையிலிருந்து தாள் கிழிப்பது கிடையாது. தப்பு வந்தால் ஒரு கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில் சரியாக எழுதுங்கள். கிழிக்காமல் இருக்கவே முடியவில்லை, கிழிக்காவிட்டால் ஏதோ கேடு வரும் என்று மனசு அடித்துக்கொள்கிறது என்றால் அதை பக்தி என்று விட்டுவிடாதீர்கள். அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது, ஒரு மனநல மருத்துவரை நேரில் பாருங்கள். தூக்கம் கெட்டு, எதிலும் பிடிப்பில்லாமல், எப்போதும் அசதியாக வாரக்கணக்கில் இருக்கிறதா என்பதையும் யோசியுங்கள். உங்கள் வயதில் தைராய்டும் ரத்தசோகையும்கூட இதே வேஷம் போடும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று லூக்கா 14-இல் கேட்டிருக்கிறதே, அதை இப்போதாவது செய்வோம். 2021 மே மாதம் உங்களுக்கு உட்கார நேரமில்லை.

வேதாகமத்தில் சுமார் 31,100 வசனங்கள். நீங்கள் முடித்தது சுமார் 3,850. எட்டில் ஒரு பங்கு. குறைவாகத் தெரிகிறதா? மாற்கு சுவிசேஷத்தைப்போல் ஐந்தரை மடங்குக்கு மேல் கையால் எழுதியிருக்கிறீர்கள். மீதி 27,250. ஒரு நாளைக்கு 15 வசனம், வாரம் ஆறு நாள் என்று வைத்தால் ஆறு வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதிகாரக் கணக்கு வேண்டாம், அது ஏமாற்றும். சங்கீதம் 117-க்கு இரண்டே வசனம், 119-க்கு 176. ஆறு வருஷம் என்பதை நேருக்கு நேர் பாருங்கள். "முடியும்" என்றால் அது ஒரு பதில். "முடியாது, புதிய ஏற்பாடு மட்டும் எழுதுகிறேன்" என்றால் அதே வேகத்தில் ஒன்றே முக்கால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். அதுவும் ஒரு பதில்தான். அதை நீங்களாக முடிவு செய்யாமல் போதகரோடு பேசி முடிவு செய்யுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு மனசாட்சி திரும்பக் கிளப்பும்.

ஆரம்பித்ததை முடிப்பது என்றதும் எல்லாரும் நெகேமியாவுக்குப் போவார்கள். 52 நாளில் எருசலேமின் அலங்கத்தை, அதாவது மதிலைக் கட்டி முடித்த வீரர். எனக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் உங்கள் நிலைமையில் இருப்பவருக்கு அவரைக் காட்டினால் இன்னும் சோர்வுதான் வரும். எனக்குப் பிடித்தவர்கள் கொரிந்தியர். அவர்கள் நம்மைப் போன்றவர்கள்.

எருசலேமில் கஷ்டப்பட்ட பரிசுத்தவான்களுக்காகப் பவுல் காணிக்கை சேர்த்தார். கொரிந்து சபை முந்திக்கொண்டு ஆர்வமாக ஆரம்பித்தது. அந்த ஆர்வத்தைப் பற்றிப் பவுல் மக்கெதோனியாவில் பெருமையாகச் சொல்லிக்கூடத் திரிந்தார். ஒரு வருஷம் ஆகியும் காணிக்கை சேர்ந்தபாடில்லை. இரண்டாம் கொரிந்தியர் எட்டாம் ஒன்பதாம் அதிகாரங்கள் அந்த நிலைமையில் எழுதியவை. ஒரு ஆலோசகராக அந்த இரண்டு அதிகாரத்தையும் நான் அடிக்கடி எடுத்துப் படிப்பதுண்டு. பவுல் திட்டவில்லை. "ஆரம்பத்தில் உங்களுக்கு இருந்த விருப்பம் உண்மைதான்" என்று முதலில் ஒத்துக்கொள்கிறார். அதை இப்பொழுது நிறைவேற்றுங்கள் என்கிறார். எதிலிருந்து? கையில் உள்ளதிலிருந்து. இல்லாததின்படியல்ல, உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும் என்று 8:12. லேவியராகமத்தின் "திராணிக்கேற்றபடி" இங்கேயும் வந்துவிட்டது, பாருங்கள்.

அதோடு விடவில்லை. பவுல் ஏற்பாடும் செய்தார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் கடைசி அதிகாரத்திலேயே, வாரத்தின் முதல்நாளில் அவரவர் தங்கள் வரவுக்குத் தக்கதாக ஏதாவது எடுத்துத் தன்னிடத்தில் சேர்த்துவைக்கவேண்டும் என்று சொல்லியிருந்தார். நம் அம்மாமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, சபைக்குக் கொடுப்பார்களே, அந்த முறை. தினமும் பெரிய தியாகம் என்று நினைத்தா போட்டார்கள்? உலை வைத்தால் கை தானாகப் பானைக்குப் போகும். இரண்டாவது ஏற்பாடு, ஆள். தீத்துவையும் இன்னும் இரண்டு சகோதரரையும் முன்கூட்டியே அனுப்பினார், தாம் வரும்போது காணிக்கை ஆயத்தமாக இருக்கட்டும் என்று. கொரிந்தியர் முடித்தார்களா? ரோமர் 15:26-ஐப் பாருங்கள். மக்கெதோனியாவிலும் அகாயாவிலும் உள்ளவர்கள் தர்மசகாயம் செய்ய மனதாயிருக்கிறார்கள் என்று எழுதுகிறார். கொரிந்து இருப்பது அகாயாவில். ஆரம்ப சூரர்கள் முடித்துவிட்டார்கள்.

விசுவாசத்தோடு முடிப்பது என்றால் என் அகராதியில் இதுதான். பழைய ஆர்வம் திரும்பி வரட்டும் என்று காத்திருக்காமல், இன்றைக்குக் கையில் இருக்கிற அளவை எடுத்து, குறிப்பிட்ட நேரத்தில், கேட்க ஓர் ஆள் வைத்துச் செய்வது.

உங்களுக்கு அந்த அளவு இரவில் இருபது நிமிஷம் என்று வைத்துக்கொள்வோம். "நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்" என்றால் கிடைக்காது. "ராத்திரிப் பாத்திரம் கழுவிக் கை துடைத்ததும் நோட்டைத் திறப்பேன்" என்று ஒரு வேலையின் வாலில் இன்னொன்றைக் கட்டுங்கள். பேட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மன் உளவியலாளர் இந்த "இது முடிந்ததும் அது" முறையைப் பற்றி 1990-களிலிருந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். மன உறுதியைவிட இது நன்றாக வேலை செய்கிறது. பாதியில் நிற்கும் வேலை, முடித்த வேலையைவிட அதிகமாக நினைவில் நிற்கும் என்று 1927-லேயே புளூமா சைகார்னிக் என்ற உளவியலாளர் எழுதினார். அதை முடிக்காவிட்டாலும், எப்போது எப்படி முடிப்பது என்று தெளிவாக எழுதி வைத்தாலே அது மனசை அரிப்பது குறைகிறது என்று 2011-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஆகவே இன்றைக்கே ஒரு தாளில் எழுதுங்கள்.

நோட்டு பீரோவில் இருக்கக்கூடாது. சாப்பாட்டு மேசையில், பேனாவோடு, எழுதிய பக்கம் திறந்தபடி இருக்கட்டும். முதல் வாரம் எழுதவே வேண்டாம். தினமும் எடுத்து, நீங்கள் எழுதிய ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு வையுங்கள். பயம் எழும், எழட்டும். கதவைச் சாத்தாமல் உட்கார்ந்திருந்தால் அது தானாகவே இறங்கும், அதை உங்கள் உடம்பு ஒருமுறை பார்க்க வேண்டும். இரண்டாவது வாரம் எண்ணாகமம் 7-ஐ விட்ட இடத்திலேயே தொடங்குங்கள். தாண்டி எட்டுக்குப் போகவேண்டாம். ஒரு நாளைக்கு ஒரு பிரபு, போதும். அவர்களும் நாளுக்கு ஒருவராகத்தானே வந்தார்கள்! அதிகாரத்தின் முடிவில் நிறுத்தாமல் நடுவில் நிறுத்திப் பழகுங்கள். மறுநாள் எங்கே தொடங்குவது என்ற யோசனையே இருக்காது.

பவுல் தீத்துவை அனுப்பியதுபோல் உங்களைக் கேட்கப்போகும் ஆள் யார்? வீட்டுக்காரர் வேண்டாம், அவருக்கு அந்த வேலைக்குக் கொஞ்சம் பக்குவம் வர வேண்டும். என் மனசில் இருப்பவர் உங்கள் அம்மா.

அம்மாவிடம் சொல்லுங்கள். அவருடைய உயிருக்காகச் செய்த பொருத்தனையை அவரிடமே மறைத்து வைத்திருப்பதால்தான் பயம் இவ்வளவு பெரிதாக வளர்ந்திருக்கிறது. "நான் முடிக்காவிட்டால் உனக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது அம்மா" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அந்த வாக்கியத்தின் பாதி பலம் சொல்லும்போதே போய்விடும். அவருக்குக் கண் பார்வை நன்றாக இருந்தால் அவர் வாசிக்கட்டும், நீங்கள் எழுதுங்கள். எரேமியா வாயினால் சொல்லச் சொல்ல பாருக்கு மையினால் எழுதினான் என்று எரேமியா 36-இல் இருக்கிறது. ராஜா அந்தச் சுருளைக் கத்தியால் அறுத்து நெருப்பில் போட்டபிறகும் இருவரும் உட்கார்ந்து மறுபடி முழுவதையும் எழுதினார்கள். அம்மா வேறு ஊரில் இருந்தால் போனில் வாசிக்கட்டும். கண் தெரியாவிட்டால், எழுதியதை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.

ஆறு வருஷம் என்பது நீளம். நடுவில் யாராவது கை கொடுத்தால் பொருத்தனைக் கணக்கில் சேராதோ என்று யோசிக்கிறீர்களா? தமிழில் வேதாகமம் வந்த கதையே அப்படித்தான். தரங்கம்பாடிக்கு 1706-இல் வந்த ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு 1708-இல் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்க்கத் தொடங்கி 1711-இல் முடித்தார், அச்சாகி முடிந்தது 1715-இல். பழைய ஏற்பாட்டில் ரூத் வரைதான் போக முடிந்தது. 1719-இல் 36 வயதில் காலமானார். மீதியை அவருக்குப் பின் வந்த சூல்ட்சே என்ற மிஷனரி முடித்து, 1728-க்குள் அச்சிட்டார். ரூத்தோடு நின்றவர் என்று சீகன்பால்கை யாரும் சொல்வதில்லை. உங்கள் பிள்ளைகளில் ஒருவர் நாளைக்குச் சங்கீதத்தை எழுதித் தருகிறேன் என்றால் பேனாவைக் கொடுங்கள். ஆனால் இன்றைக்கே பிள்ளைகள் தலையில் கட்டிவிடாதீர்கள், அது வேறு கதை.

மற்ற மூன்றுக்கு இவ்வளவு பேச வேண்டியதில்லை. ஆரி வேலை, மாடித்தோட்டம் இரண்டையும் விட்டுவிடுங்கள். "விட்டுவிட்டேன்" என்று வாயால் சொல்லி, சட்டத்தையும் ஊசியையும் அக்கம்பக்கத்தில் கற்றுக்கொள்கிற யாருக்காவது கொடுத்துவிடுங்கள், தொட்டிகளையும் கொடுங்கள். எல்லாவற்றையும் பாக்கிப் பட்டியலிலேயே வைத்திருப்பதால்தான் "நான் எதையுமே முடிக்கத் தெரியாதவள்" என்று தோன்றுகிறது. மூன்று ஆகமம் முடித்தவர் அப்படிச் சொல்லக்கூடாது, அம்மாவை அந்த மே மாதத்திலிருந்து இன்றுவரை பார்த்துக்கொண்டவரும் சொல்லக்கூடாது. வீட்டுக்காரர் அடுத்த தடவை ஆரம்ப சூரத்தனம் என்றால், பதில் பேசாமல் அந்த மூன்று ஆகமத்தையும் அவர் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். லேவியராகமத்தில் இருந்தே ஆரம்பிக்கச் சொல்லுங்கள்.

எம்.ஏ. விஷயம் அவசரம். தொலைதூரக் கல்வியில் பாக்கிப் பேப்பர் எழுத இத்தனை வருஷம் என்று ஒரு வரம்பு வைத்திருப்பார்கள், அது பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் மாறும். ஹால் டிக்கெட்டையும் பதிவு எண்ணையும் கையில் வைத்துக்கொண்டு இந்த வாரமே தேர்வுப் பிரிவுக்குப் போன் செய்து, உங்கள் சேர்க்கை ஆண்டுக்கு இன்னும் அவகாசம் இருக்கிறதா, அடுத்த தேர்வுக்கு எப்போது பணம் கட்ட வேண்டும் என்று கேளுங்கள். அவகாசம் இருந்தால் ஒரு தேர்வுக்கு ஒரு பேப்பர் மட்டும் கட்டுங்கள். படிக்கும் மாதங்களில் எழுதும் நேரத்தைப் பத்து நிமிஷமாகக் குறைத்துக்கொள்ளலாம், நிறுத்த மட்டும் வேண்டாம்.

அகீரா வந்ததும் எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
உங்கள் சகோதரி